வி.எம்.-க்குள் கிராபிக்ஸ் கார்டு: 4கே வீடியோ விக்காமல் ஓட நான் பார்த்தவை

விர்ச்சுவல் மெஷின் (வி.எம்.) என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. அதற்குள் கிராபிக்ஸ் கார்டை எப்படிக் கொடுப்பது என்று கேட்டால் வழி சொல்லப் பலர் இருக்கிறார்கள். கொடுத்த பிறகும் 4கே வீடியோ ஏன் விக்குகிறது என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். கார்டு பட்டியலில் தெரிகிறது, டிரைவர் ஏறியிருக்கிறது, டெஸ்க்டாப்பும் நன்றாகவே வருகிறது. ஆனால் ஒரு படத்தைப் போட்டவுடன் புராசஸர் ஃபேன் இரைய ஆரம்பிக்கிறது. கார்டை இப்படி முழுதாக வி.எம்.-க்கே ஒப்படைப்பதற்குப் பெயர் பாஸ்த்ரூ. "பாஸ்த்ரூ என்றாலே இப்படித்தான்" என்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அது உண்மை இல்லை. ஒழுங்காக அமைத்த வி.எம்.-இல் ஓடும் வீடியோவையும் நேரடிக் கணினியில் ஓடும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எந்த இடத்தில் தடங்கல் என்று தேடத் தெரிந்தால் போதும், மற்றது தானாகச் சரியாகும்.

எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். டிவிக்குக் கீழே ஒரே ஒரு பெட்டி. இன்டெல் ஐ5-8400, ஆறு கோர், 32 ஜிபி ரேம். அதில் வி.எம்.-களை நடத்தும் பிராக்ஸ்மாக்ஸ் ஓடுகிறது. வி.எம்.-களைத் தாங்கும் இந்த அடிக் கணினியைத்தான் ஹோஸ்ட் என்பார்கள். குடும்பப் படங்களும் கோப்புகளும் ஒரு பக்கம், டிவிக்கான டெபியன் லினக்ஸ் வி.எம். இன்னொரு பக்கம். அந்த வி.எம்.-க்குத் தனியாக ஒரு கார்டு, கார்டிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் நேராக டிவிக்கு. எதையாவது புதுசாகப் போட்டுப் பார்க்கும் முன் வி.எம்.-ஐ நிறுத்தி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளலாம், கெட்டுப்போனால் ஒரு நிமிஷத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இந்த ஒரு வசதிக்காகவே எனக்கு வி.எம். பிடிக்கும்.

முதலில் வீடியோ ஓடும்போது என்ன நடக்கிறது என்பதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கோப்பில் இருப்பது சுருக்கப்பட்ட தரவு. அதை விரித்து ஃபிரேம்களாக்குவது டீகோட். விரிந்த ஃபிரேமை டெஸ்க்டாப்போடு சேர்த்து வரைய வேண்டும். வரைந்ததை ஹெச்டிஎம்ஐ வழியாக வெளியே அனுப்ப வேண்டும். இந்த மூன்று வேலையும் ஒரே கார்டின் நினைவகத்துக்குள்ளேயே முடிந்தால் புராசஸருக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். நல்ல தரமான 4கே கோப்பு நொடிக்கு 25 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்குச் சுமார் 3 மெகாபைட். அதை விரித்தால் 10 பிட் வீடியோவில் ஒரு ஃபிரேம் மட்டுமே சுமார் 25 மெகாபைட். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 1,500 மெகாபைட். கார்டு விரித்த இந்த வெள்ளத்தை, திரை வேறு எங்கோ இருக்கிறது என்பதற்காகக் கணினியின் ரேமுக்கு இழுத்து, புராசஸரை வைத்து நிறம் மாற்றி, மறுபடி இன்னொரு திரைக்குத் தள்ளினால் என்ன ஆகும்? சமையலறையில் சமைத்ததைக் கொல்லை வழியாக எடுத்துத் தெருவைச் சுற்றி வந்து கூடத்தில் பரிமாறுவது போன்ற வேலை அது. டீகோட் ஹார்டுவேரில்தான் நடக்கிறது, ஆனாலும் வீடியோ விக்குகிறது என்று வரும் புகார்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை இந்தச் சுற்றுவழிதான்.

சரி, கார்டை உள்ளே கொடுக்கும் கட்டம். இதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருப்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். பயாஸில் இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யூ என்று இருப்பதை இயக்க வேண்டும், சாதனங்களை வி.எம்.-க்குப் பிரித்துக் கொடுக்க உதவும் வசதி அது. வி.எம்.-ஐ க்யூ35 என்ற மெஷின் வகையிலும் யூஈஎஃப்ஐ பயாஸிலும் உருவாக்க வேண்டும். புராசஸர் வகையை 'ஹோஸ்ட்' என்று வைக்க வேண்டும். பழைய பொது வகையை விட்டுவைத்தால் ஏவிஎக்ஸ் போன்ற புராசஸர் வசதிகள் உள்ளே தெரியாது, கார்டுக்குத் தெரியாத கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறை) புராசஸர் விரிக்க நேரும்போது அது இன்னும் திணறும். ரேம் பலூனிங்கை (வி.எம்.-இன் ரேமைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வசதி) நிறுத்திவிடலாம். கார்டு எந்த நேரமும் வி.எம்.-இன் நினைவகத்தைத் தொடலாம் என்பதால் கொடுத்த ரேம் முழுவதும் பூட்டப்பட்டே இருக்கும். 8 ஜிபி கொடுத்தால் 8 ஜிபி போய்விட்டது என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாதனங்களை ஐஓஎம்எம்யூ தொகுத்து வைக்கும் குழுக்களைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரு குழுவில் உள்ள சாதனங்களைப் பிரித்துக் கொடுக்க முடியாது. கார்டு இருக்கும் குழுவிலேயே டிஸ்க்குகளுக்கான சாட்டா கன்ட்ரோலரோ நெட்வொர்க் கார்டோ இருந்தால் அவையும் ஹோஸ்ட் கையை விட்டுப் போய்விடும். கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றிச் செருகிப் பார்ப்பதுதான் முதல் மருந்து. ஏசிஎஸ் ஓவர்ரைடு என்று ஒரு வழி இருக்கிறது. குழுக்கள் பிரிந்தது போல அது காட்டும், ஆனால் ஹார்டுவேர் அளவில் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை. குடும்பப் படங்கள் இருக்கும் பெட்டியில் அதைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் சும்மா கிடந்த ஜிடி 710 ஒன்றைத்தான் ஆரம்பத்தில் போட்டேன். பாஸ்த்ரூ எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்தது. ஹெச்.264 கோடெக் வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. ஃபோனில் எடுத்த ஹெவிசி கோடெக் வீடியோவைப் போட்டால் மட்டும் புராசஸர் கொதிக்கும். அந்தக் கார்டு 2012-இல் வந்த கெப்ளர் வடிவமைப்பு. ஹெவிசி விரிக்கும் சர்க்யூட்டே அதில் கிடையாது. இதற்கு எந்த டிரைவரும் எந்த அமைப்பும் உதவாது.

அதனால் கார்டு வாங்கும் முன் எந்தக் கோடெக் தெரியும் என்று பாருங்கள். கேம் வேகமெல்லாம் வீடியோவுக்குப் பொருட்டில்லை. இன்டெலில் 8 பிட் ஹெவிசி 2015-இல் ஸ்கைலேக் தலைமுறையோடு வந்தது. 10 பிட் ஹெவிசியும் விபி9-உம் முழுதாக வந்தது அடுத்த தலைமுறையான கேபி லேக்கில். ஏவி1 டீகோட் 2020-இல் டைகர் லேக்கில். என்விடியாவில் ஏவி1 வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்துதான். ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்து உண்டு, ஆனால் அதே வரிசையின் சின்னக் கார்டுகளான 6400-இலும் 6500 எக்ஸ்டியிலும் ஏவி1 கிடையாது, என்கோடரும் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) கிடையாது. பெயரில் உள்ள எண் பெரிதாக இருக்கிறது என்று நம்பி வாங்கக் கூடாத கார்டுகள் அவை. விலை குறைவான ஆர்எக்ஸ் 550-ஐப் பலர் பரிந்துரைப்பார்கள். அதில் ஹெவிசி உண்டு, லினக்ஸில் விபி9 இல்லை. யூடியூப் 4கேயில் கொடுப்பது விபி9-உம் ஏவி1-உம்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

பழைய தலைமுறை ஏஎம்டி கார்டுகளில் இன்னொன்றும் உண்டு. போலாரிஸ், வேகா, முதல் நவி வரை பல கார்டுகள் வி.எம்.-ஐ நிறுத்தி மறுபடி தொடங்கும்போது ரீசெட் ஆகாமல் சிக்கிக்கொள்ளும். ஹோஸ்ட்டையே மறுதொடக்கம் செய்ய வேண்டிவரும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்க்கும் வெண்டர்-ரீசெட் என்ற மாட்யூல் பலருக்குக் கைகொடுக்கிறது. என்விடியாவில் ஒரு காலத்தில் பிழை எண் 43 பெரிய தலைவலி. ஜீஃபோர்ஸ் டிரைவர் தான் வி.எம்.-க்குள் இருப்பதைக் கண்டுகொண்டால் நின்றுவிடும். 2021-இல் 465 டிரைவரோடு அந்தத் தடையை நிறுவனமே நீக்கிவிட்டது. இன்னமும் அதை மறைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் சுற்றுகின்றன, பின்பற்றத் தேவையில்லை.

நான் கடைசியில் எடுத்தது இன்டெல் ஆர்க் ஏ380. ஹெவிசி, விபி9, ஏவி1 மூன்றும் உண்டு, ஏவி1 என்கோடும் உண்டு. லினக்ஸில் தனி டிரைவர் தேடி அலைய வேண்டாம். ஆனால் இதைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மற்ற கார்டுகளில் படத்துக்கும் ஒலிக்கும் ஒரே முகவரி, கடைசி எண் மட்டும் 0, 1 என்று மாறும். இந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு பிசிஐ சுவிட்ச் இருக்கிறது. அதனால் ஹெச்டிஎம்ஐ ஒலிக்கு வேறு பஸ் முகவரி. 03:00.0 படம் என்றால் 04:00.0 ஒலி. இரண்டையும் தனித்தனியாக வி.எம்.-இல் சேர்க்காவிட்டால் படம் வரும், சத்தம் வராது. அடுத்தது, ஹோஸ்ட்டின் உள் கிராபிக்ஸான யூஹெச்டி 630-உம் இந்தக் கார்டும் ஒரே ஐ915 டிரைவரைத்தான் பயன்படுத்துகின்றன. வழக்கமான குறிப்புகள் சொல்வது போல டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டால் ஹோஸ்ட் திரையும் போய்விடும். கார்டின் அடையாள எண்ணை, அதை வி.எம்.-க்காகப் பிடித்துவைக்கும் விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவருக்குக் கொடுத்து, ஐ915 ஏறும் முன் அது ஏற வேண்டும் என்று டிரைவர்களை ஏற்றும் மோட்புரோப் அமைப்பில் ஒரு சாஃப்ட்டெப் வரி எழுதினால் போதும். பயாஸிலும் முதன்மைத் திரை உள் கிராபிக்ஸ் என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் ஆகும்போதே ஹோஸ்ட் கார்டைப் பிடித்துக்கொள்ளும், நினைவகப் பகுதியை ஒதுக்க முடியவில்லை என்று கெர்னல் பதிவில் வரிவரியாக விழும்.

இனி வி.எம்.-க்குள். என் சித்தி மகனும் இதே போல ஒரு பெட்டி அமைத்தான். ஒருநாள் ராத்திரி ஃபோன்.

"அண்ணா, எல்எஸ்பிசிஐ போட்டா கார்டு வருது. ஆனா டெவ்-க்குள்ள டிஆர்ஐ ஃபோல்டரே இல்ல."

"வி.எம்.-ஐ எதுல இருந்து போட்ட?"

"கிளவுட் இமேஜ்தான். ரெண்டு நிமிஷத்துல ரெடி ஆயிடும்ல."

"யூநேம் போட்டுப் பாரு. கெர்னல் பேருல கிளவுட்னு வருதா?"

"ஆமாண்ணா."

எல்எஸ்பிசிஐ என்பது சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை, யூநேம் கெர்னல் பெயரைக் காட்டுவது. கிராபிக்ஸ் டிரைவர் ஏறினால்தான் டிஆர்ஐ ஃபோல்டர் வரும். அவ்வளவுதான் விஷயம். டெபியனின் கிளவுட் கெர்னல் அளவு குறைக்கப்பட்டது, வி.எம்.-க்கு நிஜமான கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று அந்த டிரைவர்களை எடுத்துவிட்டிருக்கிறார்கள். சாதாரண கெர்னல் பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்தவுடன் ஃபோல்டர் வந்துவிட்டது. உபுண்டுவின் வி.எம். கெர்னலிலும் இதே கதைதான். அங்கே மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பொதியை நிறுவ வேண்டும். கார்டையும் பயாஸையும் சந்தேகப்பட்டு மணிக்கணக்காக உட்காரும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கெர்னல் வயதும் முக்கியம். ஆர்க் கார்டுகளுக்கான ஆதரவு இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 6.2 கெர்னலில். டெபியன் 12-இல் இருப்பது 6.1, அதனால் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புது கெர்னல் எடுக்க வேண்டியிருந்தது. டெபியன் 13-இல் 6.12 இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஹோஸ்ட்டில் எவ்வளவு புது கெர்னல் இருந்தாலும் இங்கே பயனில்லை. கார்டை இயக்குவது வி.எம்.-க்குள் இருக்கும் கெர்னல்தான். ஃபர்ம்வேர் பொதியும் அங்கேதான் வேண்டும்.

டிஆர்ஐ ஃபோல்டருக்குள் ரெண்டர்டி128 என்று ஒரு கோப்பு தெரிய வேண்டும். வீடியோ பார்க்கும் பயனர் 'ரெண்டர்' குழுவில் இருக்க வேண்டும். அப்புறம், நிரல்கள் கார்டின் டீகோடரைப் பயன்படுத்த உதவும் விஏ-ஏபிஐ டிரைவர். இன்டெலுக்கு இரண்டு உண்டு: பழைய ஐ965, புது ஐஹெச்டி. பிராட்வெல் முதல் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் ஐஹெச்டி. அதன் நான்-ஃப்ரீ பதிப்பை எடுத்துக்கொள்வது நல்லது. நிறுவியபின் விஏஇன்ஃபோ கட்டளையைக் கொடுத்தால் நீளமான பட்டியல் வரும். அதில் 'ஹெவிசிமெயின்10' என்ற வரியின் முடிவில் 'விஎல்டி' என்று இருந்தால் டீகோட் உண்டு என்று பொருள். 'என்க்ஸ்லைஸ்' என்று உள்ள வரிகள் என்கோடுக்கு. உங்களுக்கு வேண்டிய கோடெக் பெயருக்கு நேரே விஎல்டி இல்லையென்றால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். பிளேயர் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இப்போது அந்தச் சுற்றுவழிக்கு வருவோம். பிராக்ஸ்மாக்ஸில் வி.எம். உருவாக்கும்போது ஒரு மெய்நிகர் திரையும் கூடவே வரும், உலாவியில் கன்சோல் தெரிவது அதனால்தான். நிஜக் கார்டைச் சேர்த்தபின்னும் அதை அப்படியே விட்டால் வி.எம்.-க்குள் இரண்டு திரைச் சாதனங்கள். டெஸ்க்டாப் எதைத் தன் முதன்மைச் சாதனமாக எடுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. மெய்நிகர் திரையை எடுத்துக்கொண்டால் டெஸ்க்டாப் முழுவதையும் புராசஸர்தான் வரைகிறது. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் ரெண்டரர் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று வரும். இதுதான் அடையாளம். டீகோட் கார்டில், டெஸ்க்டாப் புராசஸரில், நடுவில் நொடிக்கு ஆயிரக்கணக்கான மெகாபைட் போக்குவரத்து. சில சமயம் ரெண்டர்டி128 மெய்நிகர் திரைக்குப் போய், நிஜக் கார்டு ரெண்டர்டி129 ஆகிவிடும். 128-ஐயே தேடும் நிரல்கள் எல்லாம் ஏமாந்து புராசஸருக்குத் திரும்பும்.

தீர்வு எளிது. வி.எம்.-இன் திரை அமைப்பை 'நன்' என்று மாற்றி, கார்டுக்கு நேரே 'பிரைமரி ஜிபியு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்தவுடன் உலாவிக் கன்சோல் போய்விடும் என்பதால், மாற்றும் முன் எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீரியல் கன்சோலும் சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் ஏ380 வந்த பிறகு 4கே ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்த பெரிய முன்னேற்றம் இந்த ஒரு மாற்றத்தால்தான்.

எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள எம்பிவி பிளேயரைப் போல ஒரு கருவி இல்லை. படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கிலச் சிறிய ஐ எழுத்தைத் தட்டினால் புள்ளிவிவரம் மேலே வரும். கோடெக் பெயருக்குப் பக்கத்தில் ஹெச்டபிள்யூ என்று போட்டு 'விஏஏபிஐ' என்றிருந்தால் ஃபிரேம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. 'விஏஏபிஐ-காப்பி' என்றிருந்தால் டீகோட் கார்டில், ஆனால் ஃபிரேம் ரேமுக்கு வந்து போகிறது. ஒன்றுமே இல்லையென்றால் எல்லாம் புராசஸர். அதற்குக் கீழே தவறவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்து தெரியும்: டீகோடர், அவுட்புட். டீகோடர் எண் ஏறினால் விரிக்க முடியவில்லை. அவுட்புட் எண் ஏறினால் விரித்தாயிற்று, வரையவோ காட்டவோ நேரம் போதவில்லை. இந்த இரண்டு எண்ணையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

பக்கத்தில் இன்னொரு டெர்மினலில் இன்டெல்-ஜிபியு-டாப் ஓடவிடுங்கள். 'ரெண்டர்/3டி', 'வீடியோ' என்று தனித்தனிப் பட்டைகள் இருக்கும். 'வீடியோ' பட்டை அசைகிறது, புராசஸர் அமைதியாக இருக்கிறது என்றால் கவலையே இல்லை. 'வீடியோ' பட்டை, புராசஸர் இரண்டுமே உயர்ந்து நிற்கிறது என்றால் நடுவில் காப்பி. 'வீடியோ' சுழியத்திலேயே கிடந்தால் டீகோட் கார்டுக்கு வரவேயில்லை. விண்டோஸ் வி.எம்.-இல் டாஸ்க் மேனேஜரின் 'வீடியோ டீகோட்' வரைபடம் இதே வேலையைச் செய்யும்.

உலாவி தனி உலகம். எம்பிவியில் எல்லாம் சரியாக ஓடி, உலாவியில் மட்டும் விக்கினால் பாஸ்த்ரூவைத் தொடாதீர்கள். லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ், இன்டெல் கார்டுகளுக்கு ஹார்டுவேர் டீகோடை இயல்பாகவே இயக்கியது 2023-இல் வந்த 115 பதிப்பில்தான். அதற்கு முன்னால் கையால் இயக்க வேண்டும். குரோமில் மீடியா-இன்டர்னல்ஸ் பக்கத்தைத் திறந்து டீகோடர் பெயரைப் பாருங்கள். விஏஏபிஐ என்று தொடங்கினால் கார்டு. டேவ்1டி என்றோ எஃப்எஃப்எம்பெக் என்றோ இருந்தால் புராசஸர். யூடியூபில் வீடியோ மேல் வலது சொடுக்கு செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' எடுத்தால் என்ன கோடெக் வருகிறது என்று தெரியும். உங்கள் கார்டுக்குத் தெரியாத ஏவி1 வந்துகொண்டிருந்தால், ஹெச்.264-ஐ மட்டும் கேட்கும்படி செய்யும் நீட்சிகள் இருக்கின்றன. 1080பி வரை அது நல்ல வழி. அதற்கு மேல் யூடியூபில் ஹெச்.264 கிடைக்காது.

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விஎன்சி, ஸ்பைஸ் போன்ற தொலைத்திரை வழிகளில் வி.எம்.-ஐத் திறந்து, அதற்குள் வீடியோ ஓட்டி, "விக்குகிறதே" என்று முடிவுக்கு வராதீர்கள். அங்கே கார்டு எவ்வளவு வேகமாக விரித்தாலும், அந்தத் திரையைப் படம் பிடித்து நெட்வொர்க்கில் அனுப்புவது புராசஸர். விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் எடுத்தால், கார்டைப் பயன்படுத்தும்படி குரூப் பாலிசியில் தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அதை இயக்க வேண்டும். நிஜமாகவே தூரத்தில் வீடியோ பார்க்க வேண்டுமென்றால் சன்ஷைனை வி.எம்.-இலும் மூன்லைட்டைப் பார்க்கும் இடத்திலும் போடுங்கள். அது கார்டின் என்கோடரைக் கொண்டே திரையைச் சுருக்கி அனுப்புகிறது. மானிட்டர் எதுவும் செருகாத கார்டுக்கு ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்று வாங்கிச் செருக வேண்டியிருக்கும். பல கார்டுகள் திரை இல்லாவிட்டால் டெஸ்க்டாப்பை 4கேயில் எழுப்பாது.

எண்கள் எல்லாம் சரியாக வந்த பிறகும் அப்பா ஒருநாள் சொன்னார்: "படம் நல்லாருக்குப்பா. ஆனா நியூஸ்ல கீழ ஓடுற எழுத்து துள்ளுதே, படிக்க முடியல." எம்பிவியில் தவறிய ஃபிரேம் ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னது உண்மைதான். நம் ஊர்த் தொலைக்காட்சி ஒளிபரப்பு 25 ஃபிரேம் கணக்கில் வருவது. டிவிக்கு வி.எம். அனுப்பியது 60 ஹெர்ட்ஸ். 60-ஐ 25 வகுக்காது, அதனால் சில ஃபிரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் தெரியும். பாட்டிலும் சண்டைக் காட்சியிலும் கண் அதைக் கண்டுகொள்ளாது. ஒரே சீராக ஓடும் செய்தி எழுத்தில் பளிச்சென்று தெரியும். வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் துள்ளல் நின்றது. ஒளிபரப்பில் வரும் பல சேனல்கள் இன்டர்லேஸ் முறையில் (படத்தின் ஒற்றை, இரட்டை வரிகளை மாற்றி மாற்றி அனுப்புவது) இருப்பதால் அவற்றைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸும் வேண்டும். எம்பிவியில் ஆங்கிலச் சிறிய டி எழுத்தைத் தட்டினால் அது இயங்கும். சினிமா 24 ஃபிரேம் என்பதால் அதற்கு டிவியை 24 ஹெர்ட்ஸில் வைப்பது நல்லது. வீட்டில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருப்பது எந்தப் புள்ளிவிவரத்தையும்விடப் பெரிய உதவி.

சத்தம் கரகரப்பது இன்னொரு பொதுவான புகார். கார்டின் ஒலிப் பகுதி பழைய வகை இன்டரப்ட்டில் (சாதனம் புராசஸரை அழைக்கும் சைகை) ஓடினால் இது வரும். எம்எஸ்ஐ என்ற புது வகை இன்டரப்ட் முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும், விண்டோஸ் வி.எம்.-களில்தான் இது அதிகம். கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத தடங்கலும் உண்டு. எங்கள் பெட்டியில் பேக்கப் ஓடும் நேரம் படம் நொடிப்பொழுது நின்று நின்று போகும். வி.எம்.-க்குச் சில கோர்களை ஒதுக்கி, ஹோஸ்ட்டின் கனமான வேலைகளை மற்ற கோர்களுக்கு ஒதுக்கி, பேக்கப் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினேன். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஜெல்லிஃபின் போன்ற மீடியா சர்வர் மட்டும்தான், கார்டிலிருந்து நேராக டிவிக்குக் கேபிள் போகப்போவதில்லை என்றால், பாஸ்த்ரூவே வேண்டாம். ஹோஸ்ட்டின் கெர்னலையே பகிர்ந்து ஓடும் எல்எக்ஸ்சி கன்டெய்னர் ஒன்றில் ஹோஸ்ட்டின் ரெண்டர்டி128-ஐக் காட்டிவிட்டால் போதும். ஹோஸ்ட்டும் அதே கார்டைப் பயன்படுத்தலாம், நான்கு கன்டெய்னர்கள் சேர்ந்தும் பயன்படுத்தலாம், ரேமைப் பூட்ட வேண்டியதில்லை. என் பெட்டியிலும் ஜெல்லிஃபின் அப்படித்தான் ஓடுகிறது. அதற்கு யூஹெச்டி 630 தாராளம். அந்த உள் கிராபிக்ஸையே டிவி வி.எம்.-க்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். டீகோட் நன்றாக நடக்கும், ஆனால் யூஈஎஃப்ஐ வி.எம்.-இல் அதன் ஹெச்டிஎம்ஐ வழியாகப் படம் வரவைப்பது தனிப் போராட்டம். ஏவி1-உம் அதில் இல்லை. டெஸ்க்டாப்போடு டிவியில் தெரிய வேண்டும் என்றால் தனிக் கார்டுதான் நிம்மதி.

கடைசியாக, பெட்டிக்குள் புதிதாக எதையாவது செருகுவதற்கு முன் செய்ய வேண்டியது. என்விஎம்ஈ டிஸ்க்கோ நெட்வொர்க் கார்டோ சேர்த்தால் பிசிஐ முகவரிகள் நகரலாம். 03:00.0-இல் இருந்த கார்டு 04:00.0-க்குப் போய்விட்டு, 03:00.0-இல் புது டிஸ்க் வந்து உட்காரும். வி.எம். தானாகத் தொடங்கும்படி வைத்திருந்தால் கார்டுக்குப் பதில் அந்த டிஸ்க்கை ஹோஸ்ட்டிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். நெட்வொர்க் போர்ட்டின் பெயரும் சேர்ந்து மாறினால் ஹோஸ்ட்டுக்குள் நுழையவே மானிட்டரும் விசைப்பலகையும் தேட வேண்டிவரும். பிராக்ஸ்மாக்ஸ் 8-இல் வந்த ரிசோர்ஸ் மேப்பிங்கில், முகவரியோடு சாதனத்தின் அடையாள எண்ணையும் சரிபார்த்தே கொடுக்கிறது. கார்டை அதன் வழியாகக் கொடுங்கள். பழைய பதிப்பில் இருந்தால், ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் வி.எம்.-இன் தானியங்கித் தொடக்கத்தை நிறுத்திவிட்டு, புது முகவரிகளைப் பார்த்துச் சரிசெய்த பிறகு இயக்குங்கள்.